தங்கச்சி ரிசப்ஷனுக்கு டிஜே: எதைப் பார்த்துப் பேசி முடிப்பது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். சேலம் சூரமங்கலம் பக்கம் ஏ.சி. மண்டபம், முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை 6 முதல் 7.30 முகூர்த்தம். பொண்ணு, மாப்பிள்ளை இருவருக்கும் டிஜே வேண்டும். அப்பாவுக்கோ, "பெரியவங்க உட்கார முடியாதுப்பா" என்ற தயக்கம். மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கியதில் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். கல்யாணம் முடிந்த அடுத்த வாரம் மாப்பிள்ளையின் நண்பர்களுக்கு ஏற்காட்டில் ஒரு மாலை விருந்து. அதற்கும் இதே ஆளைக் கூப்பிடலாமா?

சேலத்து மண்டபங்களில் சவுண்டு வேலை பார்த்தவன் நான். இப்போது கல்யாண வீட்டாருக்காக இந்த ஆட்களைப் பேசி முடித்துக் கொடுக்கிறேன். எல்லோரிடமும் முதலில் சொல்வதை உங்களுக்கும் சொல்கிறேன். நம் ஊர் ரிசப்ஷனில் டிஜேவுக்குப் பெரும்பாலான வேலை, யாருமே ஆடாத நேரத்தில்தான் இருக்கிறது. ஆறரைக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறினால் எட்டரை, ஒன்பது வரைக்கும் வரிசை நிற்கும். ஒவ்வொரு குடும்பமாக மேலே வந்து, கவர் கொடுத்து, போட்டோ எடுத்து, அப்படியே பந்திக்கு இறங்கிப் போவார்கள். ஆட்டம் என்று ஒன்று நடந்தால் கடைசி முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரத்தை யாரும் ஓரளவு ஒப்பேற்றிவிடலாம். முந்தைய இரண்டரை மணி நேரத்தை அழகாகக் கொண்டுபோகத் தெரிந்தவரைத்தான் தேட வேண்டும்.

இன்ஸ்டாகிராம் ரீல்ஸைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எல்லா டிஜேயின் ரீல்ஸிலும் புகை பறக்கும், லைட் சுழலும், பத்துப் பேர் குதிப்பார்கள். அது அந்த ராத்திரியின் முப்பது நொடி. அதற்குப் பதிலாக, "இந்த மாசம் எந்த மண்டபத்துல பண்றீங்க, வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேலையில் நம்பிக்கை உள்ளவர், அந்தக் கல்யாண வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உங்களைக் கூப்பிடுவார். போனால் டிஜே டேபிள் பக்கம் நிற்க வேண்டாம். ஏழரை மணிக்குப் பந்தி ஹால் வாசலில் நில்லுங்கள். பக்கத்தில் நிற்பவரிடம் சாதாரணக் குரலில் பேச முடிகிறதா? இலையில் உட்கார்ந்திருப்பவர் "கொஞ்சம் ரசம்" என்று சொன்னால் பரிமாறுபவர் காதில் விழுகிறதா? பிறகு முன்வரிசைக்கு வந்து, பாட்டிமார்கள் காதைப் பொத்திக்கொண்டு இருக்கிறார்களா என்று பாருங்கள். கடைசியாக டிஜேயின் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். லேப்டாப்பிலேயே இருந்தால் ஒரு மதிப்பெண்ணைக் குறையுங்கள். மேடையிலும் வரிசையிலும் இருந்தால், பேச்சுவார்த்தையைத் தொடரலாம்.

அழகாபுரம் பக்கம் ஒரு மண்டபத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெண்ணின் பாட்டியைச் சக்கர நாற்காலியோடு நாலு பேர் தூக்கி மேடையில் வைத்தார்கள். டிஜே டேபிளில் இருந்தது இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பையன். யாரும் அவனுக்குக் கை காட்டவில்லை. பாட்டி கையை உயர்த்தும்போதே பாட்டை மெல்ல இறக்கிவிட்டான். "நல்லா இருங்க சாமி, ஒத்துமையா இருங்க" என்று பாட்டி சொன்னது மூன்றாவது வரிசை வரை கேட்டது. நாற்காலியைக் கீழே இறக்கிய பிறகுதான் சத்தம் பழைய அளவுக்கு ஏறியது. அந்தப் பையனிடம் இருந்த ஸ்பீக்கர்கள் சாதாரணமானவை. ஆனாலும் அதற்குப் பிறகு எத்தனையோ வீடுகளுக்கு அவனைச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்து, யார் வருகிறார் என்பதை உறுதிப்படுத்துங்கள். தையிலும் வைகாசியிலும் நல்ல முகூர்த்த நாள் என்றால், பெயர் எடுத்த ஒரு டீம் அதே ராத்திரி இரண்டு மூன்று மண்டபத்தை ஒப்புக்கொள்ளும். நீங்கள் பேசியது உரிமையாளரிடம்; வந்து நிற்பவர் நேற்றுச் சேர்ந்த உதவியாளராக இருப்பார். ஆகவே "உங்க டீம்ல எங்க மண்டபத்துக்கு யார் வர்றாங்க? அவரோட ஒரு தடவை பேசணும்" என்று சொல்லி, அவர் பெயரையே ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள். அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மாற்றாக யார் என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பேச்சு நடத்த ஆடி மாதம் நல்ல நேரம். கல்யாணம் இல்லாத மாதம், ஆட்கள் நிதானமாக உட்கார்ந்து பேசுவார்கள்.

கொட்டேஷன் விலை ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே பொருளுக்கான விலை இல்லை, அதுதான் காரணம். ஒருவர் டிஜே, இரண்டு டாப் (பாட்டும் பேச்சும் வரும் மேல் ஸ்பீக்கர்), இரண்டு பேஸ் (அதிரும் அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கர்) என்று மட்டும் போட்டிருப்பார். இன்னொருவர் எல்இடி வால் (பெரிய திரை), ட்ரஸ் (லைட் மாட்டும் கம்பிச் சட்டம்), ஷார்பி லைட் (சுழலும் கூர்மையான ஒளிக்கற்றை), ஃபாக் மெஷின் (புகை மெஷின்), கோல்ட் பைரோ (மேடையில் பொறி சிதறும் கருவி), ஆடுவதற்கான லைட் தளம் எல்லாவற்றையும் ஒரே தொகையில் கட்டியிருப்பார். மூன்றாமவர் வண்டி வாடகை, ஜெனரேட்டர் டீசல், ஆட்கள் கூலியைக் கீழே சின்ன எழுத்தில் "தனி" என்று விட்டிருப்பார். மூன்று பேரையும் ஒரே வரிசையில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்: ஆள், சவுண்டு, லைட், கரண்ட், வண்டி, கூடுதல் நேரத்துக்கு மணிக்கு எவ்வளவு. அப்போது வித்தியாசம் பாதியாகச் சுருங்கிவிடும். பணம் கொஞ்சம்தான் என்றால், லைட்டில் குறைத்துக்கொண்டு ஆளுக்கும் மைக்குக்கும் கொடுங்கள் என்பதே என் கருத்து.

கோல்ட் பைரோவைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. "சுடாது" என்று சொல்லித்தான் விற்கிறார்கள். டைட்டானியம், ஜிர்கோனியம் தூளைச் சூடாக்கித்தான் அந்தப் பொறி வருகிறது. குழாய் வாய்க்குப் பக்கத்தில் நன்றாகவே சுடும். தெர்மாகோல், துணி அலங்காரம் செய்த மேடையில், பட்டுப் புடவைக்கு இரண்டு அடியில் அதை வைப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. புகை மெஷினும் அப்படித்தான். வீசிங் உள்ள பெரியவர்கள் முன்வரிசையில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி சவுண்டு. நம் மண்டபங்கள் பெரும்பாலும் நீளமான பெட்டி மாதிரி இருக்கும். கீழே கிரானைட், பக்கத்தில் கண்ணாடி, மேலே காங்கிரீட். இந்த மாதிரி இடத்தில் சத்தத்தை ஏற்ற ஏற்றத் தெளிவு குறையும், எதிரொலிதான் கூடும். பலர் செய்வது, மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய ஸ்பீக்கரைத் தரையிலேயே அடுக்கி, பின்வரிசை வரைக்கும் கேட்க வேண்டும் என்று ஏற்றிவிடுவது. முன்வரிசைக்குக் காது வலிக்கும், பின்வரிசைக்கு ஒரு வார்த்தையும் புரியாது. டாப் ஸ்பீக்கரை ஸ்டாண்டில் ஏற்றித் தலைக்கு மேலே இருக்கும்படி வைத்து, ஹாலின் நடுவில் இன்னொரு சின்ன ஜோடியைப் போட்டால், எல்லா இடத்திலும் குறைந்த சத்தத்திலேயே கேட்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 30 மீட்டர் நீள ஹாலில் மேடை ஸ்பீக்கரின் சத்தம் பின்னால் வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவான நேரம் ஆகும். ஹாலின் நடுவுக்கு வர அதில் பாதி நேரம். ஏறத்தாழ அந்தப் பாதி அளவுக்கு நடு ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வார்த்தை இரண்டு தடவை கேட்கும். "நடு ஸ்பீக்கருக்கு டிலே வைப்பீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது புரிந்துவிடும்.

பாட்டெல்லாம் சொந்த ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறதா, அங்கேயே நெட்டில் தேடிப் போடுவாரா என்பதும் முக்கியம். யூடியூபில் இறக்கிய பாட்டு ஹெட்போனில் நன்றாகத்தான் இருக்கும். பெரிய ஸ்பீக்கரில் கரகரவென்று காதைக் குத்தும். கூட்டம் சேர்ந்த மண்டபத்தில் சிக்னலும் நிற்காது.

கரண்ட் விஷயத்தில் இரண்டு கேள்வி போதும். லைட்டுக்கும் சவுண்டுக்கும் தனித்தனி லைன் கொடுக்க மண்டபத்தில் வசதி இருக்கிறதா? கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மிக்ஸருக்கும் டிஜே கன்சோலுக்கும் யுபிஎஸ் இருக்கிறதா? லேப்டாப் பேட்டரியில் ஓடும், மற்றவை அணைந்துவிடும். மறுபடி உயிர் பெறும்போது ஸ்பீக்கரில் ஒரு "டொம்" சத்தம் வரும். மேடையில் கைக்குழந்தை இருந்தால் வீறிட்டு அழும்.

மைக்கைப் பற்றிக் கட்டாயம் பேசிக்கொள்ளுங்கள். இதில்தான் கல்யாண வீட்டில் மனஸ்தாபம் பிறக்கிறது. பாட்டு சரியில்லை என்று கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரரை நான் கண்டதில்லை. தாய்மாமன் பெயரைச் சொல்லாமல் விட்டதற்காகச் சாப்பிடாமல் போனவர்களைக் கண்டிருக்கிறேன். கேக் வெட்டுவதற்கோ மாலை மாற்றுவதற்கோ ஆட்களை மேடைக்கு அழைப்பது இப்போது டிஜே அல்லது அவரோடு வரும் ஆங்கர் (மைக்கில் பேசி நிகழ்ச்சியை நடத்துபவர்) தான். அவருக்கு உங்கள் உறவுமுறை எதுவும் தெரியாது. யாரை, எந்த வரிசையில், எப்படி அழைப்பது என்று ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள். பெண்ணின் தாய்மாமன், மாப்பிள்ளையின் தாய்மாமன், அத்தைமார், பெரியப்பா, சித்தப்பா என்று உங்கள் வழக்கப்படி எழுதி, அப்பாவிடமும் சம்பந்தியிடமும் ஒரு தடவை காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெயருக்கு முன்னால் "திரு" போதுமா, ஊர்ப் பெயர் சேர்க்க வேண்டுமா என்பதையும் குறியுங்கள். அந்தத் தாளை டிஜே கையில் கொடுத்து ஒரு தடவை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பெங்களூரிலிருந்து ஆங்கர் வருகிறார் என்றால் இது இன்னும் அவசியம்.

கார்ட்லெஸ் மைக் குறைந்தது இரண்டு, புது பேட்டரியோடு. வாழ்த்துச் சொல்ல வருகிற மாமா மைக்கை வாங்கிக்கொண்டு நேராக ஸ்பீக்கர் முன்னால் போய் நிற்பார், மண்டபம் முழுக்கக் கீச்சென்று அலறும். மிக்ஸரில் ஒரு ஆள் கை வைத்தபடி இருந்தால் அதை வரும்போதே அடக்கிவிடலாம். டிஜே ஒருவரே எல்லாவற்றையும் பார்ப்பார் என்றால், சவுண்டுக்குத் தனி ஆளைக் கேளுங்கள்.

பாட்டுப் பட்டியலை முழுக்க நீங்களே எழுதிக் கொடுக்காதீர்கள். நல்ல டிஜேயின் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். கட்டாயம் வேண்டியவை ஒரு பத்து, கூடவே கூடாதவை என்று ஒரு பட்டியல் போதும். கூடாதவை என்ற பட்டியல்தான் முக்கியம். இரட்டை அர்த்தப் பாட்டு, சோகப் பாட்டு என்று எல்லோரும் எழுதுவார்கள். அதோடு சாதிப் பெருமைப் பாட்டும் கட்சிப் பாட்டும் யார் கேட்டாலும் கிடையாது என்று எழுதுங்கள். ஒன்பது மணிக்கு மேல் நாலு பசங்கள் டிஜே டேபிளைச் சூழ்ந்துகொண்டு "எங்க பாட்டப் போடுப்பா" என்று கேட்பார்கள். உங்கள் மண்டபத்துக்கு அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள், தங்கையின் கல்லூரித் தோழிகள், பக்கத்து வீட்டார் என்று எல்லாத் தரப்பும் வந்திருப்பார்கள். ஒரு பாட்டில் சண்டை மூண்டு, மறுநாள் முகூர்த்தம் வரைக்கும் அந்தக் கசப்பு நிற்கும். "வீட்டுக்காரங்க வேண்டாம்னு எழுதிக் கொடுத்திருக்காங்க" என்று காட்ட ஒரு தாள் கையில் இருந்தால் டிஜேவுக்கும் தப்பிக்க வழி கிடைக்கும். பாட்டுக் கேட்க வருபவர்களைச் சமாளிக்க உங்கள் பக்கம் ஒரே ஒரு ஆளை, சித்தப்பா மகனோ நண்பரோ, நியமித்துவிடுங்கள்.

வரிசை நிற்கும் நேரத்துக்குப் பழைய பாட்டு நிறைய வைத்திருக்கிறாரா என்று விசாரியுங்கள். சேலத்துப் பெரியவர்கள் சினிமாப் பாட்டோடு வளர்ந்தவர்கள். டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இங்கே ஏற்காடு ரோட்டில்தான் இருந்தது, அதன் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. கறுப்பு வெள்ளைக் காலத்து மெலடி இரண்டு போட்டால் முன்வரிசையில் தலை ஆடுவதைப் பார்க்கலாம். அதிலும் ரீமிக்ஸ் வேண்டாம், மூலப் பாட்டையே போடச் சொல்லுங்கள்.

சட்டத்தில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் போதும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்கத்துக்குள் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பி நீட்டிக்க வேண்டாம். பகலிலேயே குடியிருப்புப் பகுதிக்கு 55 டெசிபல்தான் அளவு. தனியார் இடத்தின் எல்லையில் அந்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. கதவு திறந்து மூடும்போதெல்லாம் பேஸ் சத்தம் தெருவுக்குப் போகும். ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வாங்குவதை மண்டப மேனேஜரிடம் கேட்டு முன்கூட்டியே முடியுங்கள். மண்டபத்துக்குச் சொந்தமாக சவுண்டு கான்ட்ராக்டர் இருந்தால் வெளி டிஜேவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அதையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, பாட்டுக்கு உரிமத் தொகை. சில இடங்களில் மியூசிக் லைசென்ஸ் கேட்டு மிரட்டுவார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கல்யாண ஊர்வலத்துக்கும் கல்யாணத்தோடு சேர்ந்த சமூக விழாக்களுக்கும் விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதையே பொது அறிவிப்பாக வெளியிட்டது. உங்கள் ரிசப்ஷனுக்கு இது போதும். ஏற்காட்டு விருந்து கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து ரிசார்ட்டில் நடப்பது. அங்கே கேட்டால் வாக்குவாதத்தைக் கடைசி நாளுக்கு வைக்காமல், புக்கிங் நேரத்திலேயே எழுத்தில் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டுக்கு இதே டிஜே போதுமா என்றால், ஆள் போதும், சாமான் வேறு. ஐம்பது பேர் கூடும் விருந்துக்கு ஒரு ஜோடி டாப், ஒரு பேஸ் தாராளம். எல்இடி வாலையும் ட்ரஸ்ஸையும் 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக்கொண்டு போக வேண்டியதே இல்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தை மாத ராத்திரியில் பனி நன்றாக இறங்கும். புல்தரையில் வைத்த கன்சோல், லேப்டாப் மேலெல்லாம் ஈரம் படியும். மேலே கூரையோ ஷாமியானாவோ இல்லாமல் சாமானை வைக்க நல்ல டிஜே சம்மதிக்க மாட்டார். சம்மதிப்பவர் மலையில் வேலை செய்ததில்லை என்று அர்த்தம். குளிர்ந்த காற்று தரையோடு தங்கும் ராத்திரியில் சத்தம் பள்ளத்தாக்கைத் தாண்டி வெகுதூரம் போகும். கீழே மண்டபத்துக்குள் சாதாரணமாக இருக்கும் பேஸ், அங்கே அடுத்த எஸ்டேட் லைன் வீட்டில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தூங்குபவரை எழுப்பிவிடும். காலையில் காபித் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். ஸ்பீக்கரைப் பள்ளத்தாக்கைப் பார்த்து வைக்காமல் கட்டடத்தைப் பார்த்து வையுங்கள். ஆட்டத்தை ஏழு மணிக்கே ஆரம்பித்து, பத்துக்கு முன்னால் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். பிறகு நெருப்பு மூட்டிப் பேசிக்கொண்டிருக்க மலையைப் போல இடம் ஏது!

டீமை மத்தியானத்துக்குள் மேலே வரச் சொல்லுங்கள், ராத்திரி தங்க அறை கொடுங்கள். பனிமூட்டத்தில் சாமான் வண்டியோடு நள்ளிரவில் அடிவாரத்துக்கு இறங்கச் சொல்வது அந்தப் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. மழை வந்தால் என்ன என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து பாதிக்கப்பட்டது. தையில் அவ்வளவு மழை அபூர்வம். ஆனாலும் பாதை அடைத்தால் தேதி மாற்றமா, பணம் திரும்பவா என்று ஒரு வரி இருப்பது இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி.

அப்பாவின் தயக்கத்துக்கு வருகிறேன், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் நேரத்தைக் கணக்காகச் சொல்லுங்கள். ஆறரை முதல் எட்டரை வரை மெல்லிய பாட்டு, பேச்சு கேட்கும் அளவில். பெரியவர்கள் எல்லோரையும் எட்டரைக்குள் பந்திக்கு அனுப்பிவிடுங்கள். எட்டே முக்கால் முதல் ஒன்பதரை வரை இளசுகளின் ஆட்டம். ஒன்பதே முக்காலுக்கு எல்லாம் முடிந்து, முகூர்த்தத்துக்கு எழ வேண்டியவர்கள் படுத்துவிடலாம். முன்வரிசைப் பெரியவர்களின் நாற்காலிகளை ஸ்பீக்கருக்கு நேரே போடாமல் நடுப்பாதையை ஒட்டிப் போடுங்கள். முடிந்தால் டிஜேவை ஒரு நாள் வீட்டுக்கு வரச் சொல்லி அப்பாவோடு பேச வையுங்கள். பெரியவர் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கிற ஆளா என்று உங்களுக்கும் அங்கேயே தெரிந்துவிடும்.

பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அட்வான்ஸாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரிசப்ஷன் அன்று நாலு மணிக்கு சவுண்டு செக் முடிந்ததும் இன்னொரு பங்கு, நிகழ்ச்சி முடிந்ததும் மீதி. அந்த மீதியைக் கவரில் போட்டு, மொய் டேபிளில் உட்காராத ஒருவர் கையில் முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். ராத்திரி பத்து மணிக்கு அப்பாவைத் தேடிக்கொண்டு டிஜே பையன் மண்டபம் முழுக்க அலையக் கூடாது. அவர்களுக்கும் பந்தி மூடுவதற்கு முன்னால் இலை போட்டுச் சாப்பாடு போடச் சொல்லிவிடுங்கள்.